ஃபமிலியாரிட்டி: பழக்கமா, பரிச்சயமா, உரிமையா?

வினையெச்சம்

வணக்கம். பணியாளர் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஃபமிலியாரிட்டி என்ற ஒரே சொல் மூன்று இடங்களில் வந்து பாடாய்ப் படுத்துகிறது.

முதல் இடம் தகுதிகள் பகுதி: விரிதாள் மென்பொருளில் ஃபமிலியாரிட்டி இருப்பது விரும்பத்தக்கதாம். அடுத்தது நடத்தை விதிகள்: வாடிக்கையாளர்களிடம் 'அன்ட்யூ ஃபமிலியாரிட்டி', அதாவது அளவு மீறிய ஃபமிலியாரிட்டி, கூடாதாம். மூன்றாவது பாதுகாப்புப் பகுதி: வேலையின் ஃபமிலியாரிட்டி கவனக்குறைவுக்கு இடம் கொடுத்துவிடக் கூடாதாம்.

அகராதியோ பழக்கம், பரிச்சயம், அறிமுகம், நெருக்கம் என்று வரிசையாகக் கொட்டிவைத்திருக்கிறது. எல்லா இடத்திலும் 'பரிச்சயம்' என்றே போட்டுப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியம் 'வாடிக்கையாளர்களிடம் தேவையற்ற பரிச்சயம் கூடாது' என்று வந்து நிற்கிறது. வாடிக்கையாளரைத் தெரிந்தே வைத்திருக்கக் கூடாது என்பதுபோல் இருக்கிறது. வேலை கொடுத்தவர்களோ ஒரு சொல்லுக்கு ஒரே இணைச்சொல்தான் வர வேண்டும் என்கிறார்கள். வழி சொல்லுங்கள்.

ஒற்றுப்பிழை

ஒரு சொல்லுக்கு ஒரே இணை என்பது கலைச்சொற்களுக்கான விதி. வால்வு, தவணை, ஒப்பந்தம் போன்றவற்றுக்கு அது சரி. இந்தச் சொல்லை அந்தப் பட்டியலில் சேர்த்ததே தவறு என்று அவர்களுக்கு எழுதிவிடுங்கள்.

பொருளைப் பிரித்தறிய, சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். 'ஃபமிலியாரிட்டி வித்' என்று வந்து அடுத்து ஒரு கருவியோ துறையோ ஊரோ இருந்தால், அது ஆளுக்கு இருக்கும் அறிமுகம். 'ஃபமிலியாரிட்டி ஆஃப்' என்று வந்தால் பேச்சு ஆளை விட்டுப் பொருளுக்குத் தாவிவிடுகிறது. அந்தக் குரல், அந்த அறை, அந்த வேலை நமக்குப் பழகிப்போனதாக இருக்கும் தன்மை அது. உங்கள் மூன்றாவது வாக்கியம் இந்த வகை. 'ஃபமிலியாரிட்டி பிட்வீன்' என்றால் இருவருக்கு இடையிலான நெருக்கம்.

கண்ணி வைத்திருப்பது இரண்டாவது வாக்கியம். அங்கேயும் 'வித்'தான் வரும், ஆனால் அடுத்து நிற்பது ஆள். அப்போது முன்னால் உள்ள அடைமொழிதான் காட்டிக்கொடுக்கும். 'அன்ட்யூ' என்று வந்துவிட்டால் அறிவைப் பற்றிய பேச்சே இல்லை, நடந்துகொள்ளும் முறையைப் பற்றிய பேச்சு. தோளில் கைபோடுவது, கேட்காமல் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவது, சொந்த விஷயங்களைத் துருவுவது எல்லாம் இதில் அடங்கும்.

இதே சொல்லைப் பன்மையில் கண்டால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். பழைய ஆங்கில எழுத்தில் 'ஃபமிலியாரிட்டீஸ்' என்பது அத்துமீறல்களை நாசூக்காகச் சொல்லும் சொல். எண்ண முடியாத பெயர்ச்சொல் ஒன்றை எண்ண ஆரம்பித்தாலே ஏதோ வில்லங்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அரைக்கண்

ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் முதல் வாக்கியத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வேலை விளம்பர ஆங்கிலத்தில் ஒரு படிக்கட்டு உண்டு. எக்ஸ்பர்ட்டீஸ் உச்சி. ப்ரொஃபிஷியன்ஸி அதற்கடுத்தது. 'வொர்க்கிங் நாலெட்ஜ்' என்றால் வேலையை ஓட்டும் அளவுக்குத் தெரியும். ஃபமிலியாரிட்டி கீழ்ப்படி. 'பாஸிங் ஃபமிலியாரிட்டி' என்றால் படியே இல்லை, வாசல்.

ஒரு நேர்காணலில் நடந்தது. விண்ணப்பத்தில் விரிதாள் மென்பொருளில் ஃபமிலியாரிட்டி உண்டு என்று எழுதியிருந்த இளைஞர் எதிரே அமர்ந்திருந்தார். மாதிரிக் கோப்பு ஒன்றைக் கொடுத்தேன். திறந்தார். தேதி வரிசையில் அடுக்கச் சொன்னேன், அடுக்கினார். ஒரே ஒரு கிளையின் விற்பனையை மட்டும் வடிகட்டிக் காட்டச் சொன்னேன், கொஞ்சம் தேடினார், பிறகு செய்தார். சுருக்க அட்டவணை ஒன்றைப் போடச் சொன்னபோது எலியைப் பிடித்த கை அப்படியே நின்றது. "பார்த்திருக்கிறேன் சார், போட்டதில்லை" என்றார். பக்கத்தில் இருந்தவர் முகத்தைச் சுளித்தார். எனக்கோ அந்தப் பதில் பிடித்திருந்தது. ஃபமிலியாரிட்டி என்று எழுதியவர் சொல்லக்கூடிய நேர்மையான பதில் அதுதான். பொய் எழுதவில்லை, படியையும் மிகைப்படுத்தவில்லை.

ஆகவே தமிழில் 'நன்கு தெரிந்திருத்தல்' என்று போட்டுவிடாதீர்கள். கேட்டதற்கு மேல் கேட்டதாகிவிடும்.

நங்கூரம்

அரைக்கண் ஐயா சொல்லும் படிக்கட்டு கரையில் செல்லும். கடலில் செல்லாது.

சரக்குக் கப்பலில் வேலை செய்கிறேன். ஐஎஸ்எம் என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் பாதுகாப்பு மேலாண்மை விதித்தொகுப்பு 1998இல் நடைமுறைக்கு வந்தது. புதிதாக வருபவருக்கும் புதிய பொறுப்புக்கு மாற்றப்படுபவருக்கும் அவரவர் கடமைகளில் 'ஃபமிலியரைசேஷன்' கொடுக்க வேண்டும், கிளம்பும் முன் சொல்லியே தீர வேண்டியவற்றை எழுதிவைத்துக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இதில் யாருக்கும் விலக்கு இல்லை. எல்லாச் சான்றிதழ்களையும் வைத்திருக்கும் தலைமைப் பொறியாளர் புதிய கப்பலில் ஏறினாலும் இதை முடித்தாக வேண்டும்.

காரணம் எளிது. தீயணைப்பைப் பற்றி அவர் பாடமே நடத்துவார். ஆனால் இந்தக் கப்பலில் அவசரத் தீயணைப்புப் பம்பு எந்த இடுக்கில் இருக்கிறது, அதற்குப் போக எந்த ஏணியில் இறங்க வேண்டும், எந்த வால்வு சற்று இறுகியிருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. இயந்திர அறையில் விளக்கு அணைந்து புகை சூழ்ந்தால் கைப்பிடியைத் தடவிக்கொண்டே வெளியே வர வேண்டும். அப்போது கைகொடுப்பது சான்றிதழ் அல்ல, கை ஏற்கெனவே அந்தக் கைப்பிடியைத் தொட்டிருப்பதுதான். அதைத்தான் நாங்கள் ஃபமிலியாரிட்டி என்கிறோம். அறிவுக்குக் கீழ்ப்படி என்று இதை எப்படிச் சொல்வது?

அரைக்கண்

நியாயம்தான். ஆனால் நீங்கள் சொல்வது வேறு ஏதோ சொல்லுக்குப் பொருந்துவதுபோல் தோன்றுகிறது. விளம்பரத்தில் யாரும் அந்தப் பொருளில் எழுதுவதில்லை.

ஒற்றுப்பிழை

இருவரும் ஒரே பொருளைத்தான் சொல்கிறீர்கள். இந்தச் சொல் எவ்வளவு தெரியும் என்பதை அளப்பதே இல்லை. எந்த வழியாகத் தெரிய வந்தது என்பதைத்தான் சொல்கிறது: கூடவே இருந்து, திரும்பத் திரும்பக் கண்டு, தொட்டுப் பழகி. அந்த இளைஞர் மென்பொருளோடு கொஞ்சம் பழகியிருந்தார், அதனால் கொஞ்சம் தெரிந்தது. தலைமைப் பொறியாளருக்குப் பாடம் எல்லாம் தெரியும், இந்தக் கப்பலோடு மட்டும் பழகவில்லை. வேறு எதையும் சொல்லாமல் இதை மட்டும் தகுதியாகக் கேட்டால், மற்றவற்றைக் கேட்கவில்லை என்று ஆகிவிடுகிறது. விளம்பரத்தில் அது தாழ்ந்து ஒலிப்பது அதனால்தான்.

வினையெச்சம்

இது எனக்கு உதவுகிறது. கூடவே ஒரு சந்தேகம். 'ஃபமிலியர் வித்', 'ஃபமிலியர் டு' இரண்டையும் நம்மில் பலர் மாற்றிப் போடுகிறோம். என் கையேட்டின் ஆங்கில மூலத்திலேயே ஓரிடத்தில் பணியாளர் விதிகளுக்கு 'ஃபமிலியர் டு' ஆக இருக்க வேண்டும் என்று இருக்கிறது.

ஒற்றுப்பிழை

மூலத்தில்தான் பிழை. ஆள் எழுவாயாக வந்தால் 'வித்', பொருள் எழுவாயாக வந்தால் 'டு'. நான் இந்த விதிகளோடு பழகியவன் என்பது 'வித்'. இந்த விதிகள் எனக்குப் பழகியவை என்பது 'டு'. விதிகளுக்குப் பணியாளர் 'ஃபமிலியர் டு' என்றால், பணியாளரின் முகம் விதிகளுக்குத் தெரியும் என்று பொருளாகிவிடும்!

தமிழர்களுக்கு இது ஏன் இடறுகிறது என்பதற்கு என் ஊகம் இது. 'இந்த இரைச்சலுக்கு நான் பழகிவிட்டேன்' என்று சொல்கிறோம். 'இரைச்சலுக்கு' என்பதில் உள்ள நான்காம் வேற்றுமை நம்மைக் கையைப் பிடித்து 'டு'வுக்கு இழுத்துச் செல்கிறது. ஆனால் அந்த வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் பொருந்துவது 'யூஸ்டு டு' அல்லது 'அக்கஸ்டம்டு டு'. அவை சகிக்கப் பழகியதைச் சொல்பவை. ஃபமிலியர் தெரிந்துகொள்ளப் பழகியதைச் சொல்வது. தமிழில் இரண்டுக்கும் 'பழகு' என்ற ஒரே வினைதான், வேற்றுமை உருபுதான் வேறு: இரைச்சலுக்குப் பழகினேன், கருவியோடு பழகினேன். இதைப் பிடித்துக்கொண்டால் ஆங்கிலத்திலும் தடுமாற்றம் வராது.

உச்சரிப்பையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஃபமிலியர் என்பதில் அழுத்தம் 'மி'யில். 'இட்டி' சேர்ந்ததும் அழுத்தம் நகர்ந்து 'யா'வில் விழுகிறது. சிமிலர், சிமிலாரிட்டி, பாப்புலர், பாப்புலாரிட்டி, எல்லாம் ஒரே குடும்பம்.

மொழிமேய்ப்பன்

குடும்பம் என்றதும் வந்துவிட்டேன். சொல்லின் வேர் அங்கேதான் இருக்கிறது. லத்தீனில் ஃபமிலியா என்றால் இன்று நாம் நினைக்கும் அப்பா, அம்மா, பிள்ளைகள் அல்ல. ஒரு தலைவரின் கீழ் இருந்த வீடு முழுவதும், அடிமைகளும் பணியாட்களும் உட்பட. ஃபமுலஸ் என்றால் பணியாள். அதிலிருந்து வந்த ஃபமிலியாரிஸ் என்பதற்கு அந்த வீட்டைச் சேர்ந்தவர், வீட்டுக்குள் வந்துபோகிறவர் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. சூனியக்காரிகளுக்குக் கூடவே இருந்து ஏவல் செய்வதாக ஐரோப்பாவில் நம்பப்பட்ட பூனை, தேரை வடிவக் குட்டிப் பேய்க்கும் ஃபமிலியர் என்றே பெயர். வீட்டு ஏவலாள் என்ற பழைய வாடை அதில் இன்னும் அடிக்கிறது.

வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர் என்று எடுத்துக்கொண்டால் உங்கள் மூன்று வாக்கியங்களும் ஒரு கூரைக்குள் வந்துவிடும். உள்ளே வந்தவருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியும். உள்ளே வந்தவர் உரிமை எடுத்துக்கொள்வார். உள்ளேயே இருப்பவர் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை.

இருபக்கப்பதிவு

தணிக்கைத் துறையில் இதே சொல் அதிகாரபூர்வமான அபாயமாகவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. கணக்காளர்களுக்கான சர்வதேச நன்னெறி விதித்தொகுப்பு, நடுநிலையைக் கெடுக்கும் அச்சுறுத்தல்கள் ஐந்து என்கிறது. தன்னலம், தன் வேலையைத் தானே மதிப்பிடுவது, வாடிக்கையாளருக்காக வாதாடுவது, மிரட்டலுக்கு உள்ளாவது; இவற்றோடு ஃபமிலியாரிட்டி. நீண்ட கால அல்லது நெருங்கிய உறவினால் தணிக்கையாளர் வாடிக்கையாளரின் நலனில் அளவுக்கு மீறிப் பரிவு கொள்வது, அல்லது அவர்கள் காட்டுவதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வது என்று விளக்கம்.

இங்கே லஞ்சம் கிடையாது, கெட்ட எண்ணம் கிடையாது. முதல் வருடம் கையிருப்புப் பட்டியலை வாங்கியதும் கிடங்குக்கே போய் மூட்டைகளை எண்ணிப் பார்ப்போம். சில வருடங்கள் போன பிறகு கணக்கர் பட்டியலை நீட்டும்போதே, அவர் எப்படி எழுதுவார், எந்த இடத்தில் கூட்டலைச் சுற்றிப் போடுவார் என்பது நமக்குத் தெரிந்திருக்கும். 'இவர் சரியாகத்தான் வைத்திருப்பார்' என்று மனம் தானாகச் சொல்லிக்கொள்ளும். எண்ணுகிற மூட்டைகள் குறையும். அதனால்தான் பொதுநலன் சார்ந்த பெரிய நிறுவனங்களின் தணிக்கையில் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் மொத்தம் 7 ஆண்டுகளுக்கு மேல் தொடரக் கூடாது என்று அந்த விதித்தொகுப்பு கட்டுப்படுத்துகிறது.

இதற்கு 'பரிச்சய அச்சுறுத்தல்' என்று ஒரு தமிழாக்கத்தைப் பார்த்தேன். பரிச்சயம் யாரையும் அச்சுறுத்தாது. 'பழக்கத்தால் நடுநிலை தளரும் அபாயம்' என்று நீட்டி எழுதினால்தான் விஷயம் விளங்குகிறது.

மறதிக்காரி

அந்தப் பழமொழியை இன்னும் யாரும் எடுக்கவில்லையே! 'ஃபமிலியாரிட்டி ப்ரீட்ஸ் கன்டெம்ப்ட்', நெருங்கிப் பழகினால் இளக்காரம் பிறக்கும் என்பது. நம் 'பழகப் பழகப் பாலும் புளிக்கும்' அதன் நேர் இணைதானே?

மொழிமேய்ப்பன்

நேர் இணை என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். எனக்கு உடன்பாடில்லை அம்மா. பால் புளிப்பது சலிப்பு, ருசி போய்விடுவது. கன்டெம்ப்ட் என்பது இளக்காரம், மரியாதை போய்விடுவது. ஈசாப் கதையில் நரி முதன்முறை சிங்கத்தைக் கண்டபோது நடுநடுங்கியது, அடுத்த முறை பயத்தை மறைத்துக்கொண்டது, மூன்றாம் முறை கிட்டப் போய்ப் பேச்சே கொடுத்தது. நரிக்குச் சிங்கம் சலித்துப் போகவில்லை. பயம் தெளிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு சுவையான செய்தி. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் இந்தக் கருத்தை எழுதியபோது ஃபமிலியாரிட்டி என்று எழுதவில்லை. வீட்டை வேராகக் கொண்ட 'ஹோம்லினஸ்' என்ற சொல்லைப் போட்டு, அது அளவு மீறினால் இகழ்ச்சியைப் பிறப்பிக்கும் என்றார். அதே 'ஹோம்லி' இன்று அமெரிக்க ஆங்கிலத்தில் முகலட்சணம் இல்லாதவரைக் குறிக்கிறது. பழமொழி சொன்னது சொல்லுக்கே நடந்துவிட்டது.

மறதிக்காரி

உளவியல் படித்தவள் என்பதால் பழமொழியின் மறுபக்கத்தையும் வைக்கிறேன். ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற சொற்கள், சீன எழுத்துகள் போன்ற வடிவங்கள், முன்பின் தெரியாதவர்களின் புகைப்படங்கள் ஆகியவற்றை வெவ்வேறு எண்ணிக்கையில் மக்களுக்குக் காட்டினார். அதிக முறை கண்ணில் பட்டவற்றுக்கே மக்கள் நல்ல பொருளையும் விருப்பத்தையும் ஏற்றிச் சொன்னார்கள். வெறுமனே பார்த்துப் பழகியதுதான், வேறு காரணம் இல்லை.

இதில் ஆபத்தும் உண்டு. ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் அதை உண்மை என்று நம்பும் சாத்தியம் கூடுகிறது என்று 1977இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 'எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதே' என்ற உணர்வை மனம் 'அப்படியானால் சரியாகத்தான் இருக்கும்' என்று மாற்றிக்கொள்கிறது.

நினைவாற்றல் ஆய்வில் ஃபமிலியாரிட்டி தனிக் கலைச்சொல். ஒரு முகத்தைப் பார்த்ததும் தெரிந்த முகம் என்று உறுதியாகத் தோன்றுவதும், அவர் யார், எங்கே பார்த்தோம் என்று நினைவுக்கு வருவதும் இரண்டு வேறு வேலைகள் என்கிறார்கள். ஜார்ஜ் மேண்ட்லர் 1980இல் சொன்ன எடுத்துக்காட்டு புகழ்பெற்றது: எப்போதும் இறைச்சிக் கடையில் பார்க்கும் கசாப்புக்காரரை பஸ்ஸில் பார்த்தால், நன்றாகத் தெரிந்தவர் என்று தோன்றும், ஆனால் யார் என்று பிடிபடாது. முதல் உணர்வுக்குப் பெயர்தான் ஃபமிலியாரிட்டி. இதற்குப் 'பரிச்சய உணர்வு' என்று சொல்லலாம். பழக்கம் என்று சொல்லவே முடியாது.

இருபக்கப்பதிவு

'யார் என்று பிடிபடாமல் தெரிந்தவர் என்று மட்டும் தோன்றுவது.' என்னைக் கண்டதும் என் வாடிக்கையாளர்களுக்கும் அப்படித் தோன்றினால் நிம்மதி.

கிழமை

தாமதமாக வந்தேன், மன்னிக்கவும். இரண்டாவது வாக்கியத்துக்கு வெளியே எங்கும் தேட வேண்டாம். ஜி.யு. போப் 1886இல் வெளியிட்ட தம் குறள் மொழிபெயர்ப்பில் 81ஆம் அதிகாரத்துக்கு வைத்த தலைப்பே ஃபமிலியாரிட்டிதான். தமிழில் அந்த அதிகாரம் பழைமை. பழமை என்று படித்துவிட வேண்டாம். நெடுநாள் நட்பினால் வரும் உரிமையைப் பற்றியது அது.

'நட்பிற் குறுப்புக் கெழுதகைமை மற்றதற்கு
உப்பாதல் சான்றோர் கடன்.'

கெழுதகைமை என்பது நண்பர் நம்மைக் கேட்காமலே உரிமையோடு ஒன்றைச் செய்துவிடுவது. அது நட்பின் உறுப்பு, அதற்கு இணங்கிப் போவது சான்றோர் கடமை என்கிறார் வள்ளுவர். கையேடு எதைக் கூடாது என்கிறதோ, அதையே குறள் நட்புக்கு வேண்டும் என்கிறது. செயல் ஒன்றுதான். உரிமையை யார் கொடுத்தார்கள், கொடுத்தார்களா என்பதில்தான் வித்தியாசம். அதனால்தான் ஆங்கிலமும் 'அன்ட்யூ' என்ற அடையைச் சேர்த்துக்கொள்கிறது.

'ஃபமிலியர்' என்ற பெயரடையை ஆளோடு சேர்த்து 'ரொம்ப ஃபமிலியராக நடந்துகொண்டார்' என்று ஆங்கிலேயர் சொன்னால் அது பாராட்டு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். எடுத்துக்கொள்ளக் கூடாத உரிமையை எடுத்துக்கொண்டார் என்ற குறை அது.

வினையெச்சம்

அனைவருக்கும் நன்றி. ஒரே இணைச்சொல் விதியை இந்தச் சொல்லுக்குத் தளர்த்த வேலை கொடுத்தவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இப்போது கையில் இருப்பது:

விரிதாள் மென்பொருளில் ஓரளவு பழகியிருப்பது விரும்பத்தக்கது.

வாடிக்கையாளர்களிடம் அளவு மீறி உரிமை எடுத்துக்கொள்ளக் கூடாது.

பழகிய வேலைதானே என்று கவனக்குறைவாக இருந்துவிடக் கூடாது.

நங்கூரம்

மூன்றாவது எங்கள் கப்பல் சுவரிலேயே ஒட்டலாம்.

இருபக்கப்பதிவு

இரண்டாவதில் ஒரு ஓட்டை. உரிமை எடுத்துக்கொள்வது ஒருபக்கச் செயல். வாடிக்கையாளரும் பணியாளரும் மனமொத்து விருந்து, பரிசு என்று நெருங்கிப்போனால் யாரும் யாரிடமும் உரிமை எடுத்துக்கொண்டதாகாது. விதி அதையும்தானே தடுக்கிறது? நெருக்கம் என்ற சொல் உள்ளே வர வேண்டும்.

ஒற்றுப்பிழை

வரட்டும், ஆனால் 'தகாத நெருக்கம்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். செய்தித்தாள்கள் 'தகாத உறவு' என்று எழுதி எழுதி அந்த அடைமொழியைக் கெடுத்துவைத்திருக்கின்றன. பணியாளர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். 'வாடிக்கையாளர்களிடம் அளவு மீறிய நெருக்கமோ உரிமையோ பாராட்டக் கூடாது' என்று எழுதலாம். நெருக்கம் பாராட்டுவது, உரிமை பாராட்டுவது இரண்டும் வழக்கில் உள்ளவைதான்.

கிழமை

'உரிமை பாராட்டுதல்' சொத்து வழக்குபோல் ஒலிக்கிறதே ஐயா. 'அளவு மீறி நெருங்குவதோ உரிமை எடுத்துக்கொள்வதோ கூடாது' என்று வினையாகவே விட்டுவிடுங்கள். ஆங்கிலம் பெயர்ச்சொல்லாகச் சொல்வதைத் தமிழ் வினையாகச் சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது.

வினையெச்சம்

என் பெயருக்கும் அதுதான் பொருத்தம். கிழமை அவர்கள் சொன்ன வடிவத்தையே அனுப்பிவிட்டேன்.